சனிக்கிழமை மட்டும் அணையும் கம்ப்யூட்டர்

என் கம்ப்யூட்டர் புதன்கிழமை ஒழுங்காக ஓடும். வியாழன், வெள்ளியிலும் அப்படியே. சனிக்கிழமை மத்தியானம், திருச்சியில் இருக்கும் என் மகளோடு விளையாட உட்கார்ந்தால் மட்டும், நாற்பது நிமிடம் போனதும் பட்டென்று அணைந்துவிடும். முன்னால் ஒரு திணறலோ எச்சரிக்கையோ இருக்காது. திரை கறுப்பாகும், பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த சின்ன விசிறிகள் ஒவ்வொன்றாக நிற்கும், ஹெட்செட்டில் அவள் குரல் பாதி வார்த்தையில் அறுந்துபோகும். ஐந்து நிமிடம் கழித்து பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்துகொள்ளும். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் போயிருப்பாள்.

எனக்கு இது அவமானமாக வேறு இருந்தது. பதினெட்டு வருடமாக நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். அடுத்தவன் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பெங்களூர் ஹெப்பகோடியில் வாடகை வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ், இரண்டுக்கும் நடுவே நெரிசலில் ஸ்கூட்டர், இதுதான் என் வாழ்க்கை. இதில் என் சொந்த மேஜைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் என்ன கோளாறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நானும் மனைவியும் பிரிந்து ஐந்து வருடம் ஆகிறது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவும் பெண்ணும் திருச்சிக்குப் போனார்கள், நான் அதே வீட்டில் இருந்துவிட்டேன். முதல் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவாள். "சாப்டியா?" "ம்." "ஸ்கூல் எப்படிப் போகுது?" "நல்லாப் போகுது." அதற்கு மேல் எனக்கும் கேட்கத் தெரியாது, அவளுக்கும் சொல்ல விருப்பம் இருக்காது. வீடியோ போட ஒருநாளும் சம்மதிக்க மாட்டாள். பன்னிரண்டு வயதானதும் அந்த "ம்"கூடக் குறைந்தது. போன வருடம் அவள் மாமா அவளுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருக்கிறார். பேச்சுவாக்கில் ஒருநாள், "இந்த கேம் ரெண்டு பேர் சேர்ந்துதான் ஆட முடியும், என் ஃப்ரெண்டு யார்கிட்டயும் இது இல்ல" என்றாள். அவள் என்னை ஒன்றும் அழைக்கவில்லை. ஆனால் பொங்கல் முடிந்த கையோடு நான் போய் ஒரு பெட்டியை வாங்கிவிட்டேன்.

நாற்பத்திநான்கு வயதில் முதல் முறையாக கேம் ஆடுகிறவன் எப்படி ஆடுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் சனிக்கிழமை திரையில் என் பொம்மை ஒரு பாறைச் சுவரில் முட்டிக்கொண்டு பத்து நிமிடம் அதிலேயே நடந்தது. "அப்பா, திரும்பு! அப்பா, அது செவுரு!" என்று கத்தியவள் சிரித்துவிட்டாள். ஐந்து வருடத்தில் நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. கையை மேஜைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

கேம் இதுதான். பனிமலையில் இரண்டு பேர் ஏறுகிறார்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதாவது கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கியபடியே இருக்க வேண்டும். விட்டால் ஏறுகிறவர் கீழே விழுந்து, பழைய கூடாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. நான் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவள் ஏறுவாள். ஏறிக்கொண்டே பேசுவாள். போனில் கேட்டால் வராத பேச்செல்லாம், கை வேலையாக இருக்கும்போது தானாக வந்தது. கணக்கு டீச்சர் இவளை மட்டும் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்பது, ஐந்தாவதிலிருந்து கூட இருந்த தோழி திடீரென்று பேச்சை நிறுத்தியது, அம்மா சமையலறையில் தனியாக நின்று அழுவது. நான் "ம்" என்பேன். முன்பு அவள் சொன்ன "ம்"மை இப்போது நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் கடைசி வாரத்தில் முதல் முறை அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து லைட்டைப் பார்த்தேன், எரிந்தது. மறுபடி போட்டு உள்ளே போனபோது அவள் எரிச்சலாகத்தான் இருந்தாள், கோபமாக இல்லை. "எங்க போன அப்பா? நான் செத்துட்டேன்." அடுத்த வாரமும் அதேபோல் ஆனது. மூன்றாம் வாரம், ஒன்றரை மாதமாக முயன்ற ஒரு பெரிய செங்குத்துப் பாறையில் அவள் முக்கால்வாசி ஏறியிருந்தாள். அணைந்தது. நான் திரும்ப வருவதற்குள் அவள் வெளியேறியிருந்தாள். போனை எடுக்கவில்லை.

அவள் ஏன் அப்படிப் போனாள் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் பெட்டி அணைந்தால் அவள் திரையில் "உங்கள் கூட்டாளி வெளியேறிவிட்டார்" என்று ஒரு வரி வரும். மெஷின் நின்றதா, நெட் போனதா, ஆள் எழுந்து போனானா என்று அது பிரித்துச் சொல்லாது. கூடவே வெளியேறியவரின் பொம்மையும் திரையிலிருந்து காணாமல் போய்விடும். நான் வெளியேறிவிட்டேன் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லப்பட்டது.

அதை அவள் நம்பியதில் தப்பும் இல்லை. அவள் அறிந்த அப்பா பாதியில் போகிற ஆள். ஸ்கூல் ஆண்டு விழாவில் அவள் மேடையேறும் நேரத்தில் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்து வெளியே போனேன், திரும்பி வந்தபோது வேறு குழந்தைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறந்தநாள் கேக்கில் கத்தி வைத்த நேரத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். அவர்கள் திருச்சிக்குக் கிளம்பிய அன்றும் ஒரு கால். கீழே கார் நின்றது. அவள் காருக்குப் பக்கத்தில் நின்று மாடியைப் பார்த்தாள். நான் ஜன்னலில் நின்று, காதில் போனோடு, 'ஒரு நிமிஷம்' என்று ஒரு விரலைக் காட்டினேன். அந்த ஒரு நிமிஷம் பதினைந்து நிமிஷம் ஆனது. நான் இறங்கி வந்தபோது கார் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

நாலாவது வாரமும் அணைந்த பிறகு அவளே போன் செய்தாள். குரல் நிதானமாக இருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அப்பா, பத்தாவதுக்கு இப்பவே ட்யூஷன் ஆரம்பிக்கிறாங்க. சனிக்கிழமை பேட்ச் ஒண்ணு இருக்கு, ஞாயித்துக்கிழமை பேட்ச் ஒண்ணு இருக்கு. இந்த கேமுக்காகத்தான் ஞாயித்துக்கிழமை கேட்டு வச்சிருந்தேன்."

"கம்ப்யூட்டர்தாம்மா பிரச்சனை. நான் போகல. சத்தியமா நான் எழுந்திருக்கக்கூட இல்ல."

"நீ எப்பவும் ஏதாவது சொல்லுவ. வர்ற சனிக்கிழமை பாப்போம். அன்னைக்கும் போயிட்டேன்னா நான் சனிக்கிழமை பேட்ச்ல சேர்ந்துக்கறேன். அவ்ளோதான்."

வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் அம்மாவிடமிருந்தும் போன் வந்தது. நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. ஆசை காட்டாதீங்க" என்றாள். முடியும் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆறு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மெயின் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் மூன்று தலைமுறையாக பெங்களூர்த் தமிழர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். நான் இணையத்தில் படித்துக் குறித்துக்கொண்டு போன சந்தேகங்களை எல்லாம் வாசித்தேன். உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். வீக்காக இருக்கலாம், ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம், கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் பழசாக இருக்கலாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சும்னே பார்ட்டு மாத்த வேணாம் சார். ரெண்டு நாள் இங்க விடுங்க, ஓட்டிப் பாக்கறேன். நோடோணா, பாக்கலாம்."

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, ரேமைக் கழற்றி மாட்டி, பிராசஸருக்குச் சூடு கடத்தும் புதுப் பேஸ்ட் வைத்து, இரண்டு நாள் விடாமல் ஒரு கனமான கேமை ஓட்டியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனபோது அது அவருடைய மேஜையில், மூடியில்லாமல், ரோட்டுக் காற்றில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை கூட ஆஃப் ஆகல சார். மெஷின் சக்கத்தா, சூப்பரா இருக்கு. உங்க வீட்லதான் என்னமோ இருக்கு."

வீட்டில் என்னவோ இருக்கிறது என்றதும் எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டில் என்ன இருக்கிறது, நான் ஒருத்தன்தானே இருக்கிறேன். வயரிங்கைச் சொல்கிறாராம். எர்த் சரியாக இருக்கிறதா, சனிக்கிழமை எல்லார் வீட்டிலும் ஆள் இருப்பதால் வோல்டேஜ் இறங்குகிறதா, பாருங்கள் என்றார். எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் எல்லா ப்ளக்கிலும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினார். பெட்டியை மறுபடி அதன் இடத்தில், மேஜையின் மர அறைக்குள், கொஞ்சம் தள்ளி நுழைத்து வைத்தேன்.

புதன்கிழமை லீவு போட்டேன். ஆபீஸில் ஒரு ஜூனியர் இதே கேமை ஆடுகிறவன் என்று தெரிந்து, வெட்கத்தை விட்டு அவனிடம் கேட்டேன். அவன் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள் அது. மத்தியானம் மூன்று மணிக்கு, அதாவது சனிக்கிழமை நாங்கள் உட்காரும் அதே நேரத்துக்கு, ஆரம்பித்தோம். அதே மலை, அதே பாறை. ஹெட்செட்டில் பேசிக்கொண்டும்தான் ஆடினோம். நாற்பது நிமிடம் ஆனது. குனிந்து பெட்டியைப் பார்த்தேன். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். இரண்டே முக்கால் மணி நேரம் ஆனதும் அவன், "சார், எனக்கு மீட்டிங் இருக்கு, விட்டுடலாமா?" என்றான். நடுநடுவே பார்த்துக் குறித்த பெட்டியின் சூடும் சாதாரணமாகத்தான் இருந்தது. எல்லாரோடும் ஓடுகிறது, என் மகளோடு மட்டும் ஓட மாட்டேன் என்கிறது என்று பெட்டியை ஒரு உதை விட்டேன். காலில்தான் அடிபட்டது.

வெள்ளிக்கிழமை வரை இதே கதை. நாளை மூன்று மணிக்கு அது அணையப்போகிறது, அவள் ட்யூஷனில் சேரப்போகிறாள், நான் இந்தப் பனிமலைப் பொம்மையை வைத்துக்கொண்டு தனியாக உட்காரப்போகிறேன் என்று மனம் திரும்பத் திரும்பச் சொன்னது. பயந்தால் எனக்கு வேலை ஓடாது. ஆபீஸில் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் ஒன்று உண்டு. கோளாறு எப்படி வந்தது என்று எழுதும்போது, நீ என்ன செய்தாய் என்று நினைக்கிறாயோ அதை எழுதாதே, உன் கை என்ன செய்ததோ அதை எழுது. அற்பமானதையும் எழுது. வேறு வழி தெரியாமல் ஒரு தாளை எடுத்து, சனிக்கிழமை மத்தியானம் என் கை என்ன செய்கிறது என்று எழுத ஆரம்பித்தேன்.

சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறேன். போனை சைலண்டில் போட்டு ஹாலில் வைக்கிறேன். இது அவளுக்காக நான் புதிதாகப் பழகியது, ஆபீஸ் அழைத்தாலும் எடுப்பதில்லை. ரூமுக்குள் வந்து கதவைச் சாத்துகிறேன். ஜன்னலைச் சாத்துகிறேன். ஃபேனை நிறுத்துகிறேன்.

அங்கே பேனா நின்றது.

ஏப்ரல் மாதம். மேற்குப் பார்த்த ரூம். கதவையும் ஜன்னலையும் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பெட்டியை மர அறைக்குள் திணித்து, அதை மலையேற வைத்திருக்கிறேன். சூடு ஏறியதும் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. புதன்கிழமை ஜூனியரோடு ஆடியபோது ஜன்னல் திறந்திருந்தது, ஃபேன் சுற்றியது, ஏனென்றால் அவனுக்காக நான் அதையெல்லாம் மெனக்கெட்டுச் சாத்தவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்த்தது எனக்கு. அதைப் பயம் என்று நினைத்துவிட்டேன். அவளிடம் தப்பாக ஏதும் பேசிவிடக்கூடாதே என்ற பயத்தில் வியர்க்கிறது என்று, பதினெட்டு வருட டெஸ்டிங் அனுபவத்தோடு, உறுதியாக நம்பியிருந்தேன்.

ஃபேனை ஏன் நிறுத்த ஆரம்பித்தேன் என்றும் ஞாபகம் வந்தது. பிப்ரவரியில், மூன்றாவது சனிக்கிழமையோ என்னவோ, ஆடிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள். "அப்பா, அது என்ன சத்தம்? டக், டக்குன்னு?"

அந்த ரூம் முன்பு அவளுடைய படுக்கையறை. அதில் இருக்கும் பழைய சீலிங் ஃபேன் சுற்றும்போது மேலே எதுவோ இடித்து டக் என்று ஒரு சத்தம் வரும். ரெகுலேட்டரும் ரிப்பேராகி ஒரே மெதுவான வேகத்தில் நின்றுவிட்டது. பல வருடமாகச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் ஹாலில் படுக்கிறவன், என்னை அது தொந்தரவு செய்ததில்லை. அவள் கேட்டதும் நான் துள்ளியெழுந்து ஃபேனை அணைத்தேன். எதிரே வெல்டிங் பட்டறையின் இரைச்சலும் வருகிறதே என்று ஜன்னலையும் சாத்தினேன். ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது "பின்னால ஏதோ சத்தம் வருது" என்றால் உடனே அடக்குவோமே, அதேதான். "இப்ப ஓகேவாம்மா?" என்று கேட்டேன். அவள் "ம்" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அவள் கேட்காமலே அணைத்து வந்தேன். வெயில் ஏறிய மார்ச் கடைசியில்தான் பெட்டிக்குத் தாங்கவில்லை.

காரணம் கிடைத்ததும் நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வரவும் செய்தது. ஆனால் ஃபேன் போட்டால் அவளுக்குச் சத்தம், போடாவிட்டால் பெட்டி அணையும். மறுநாள் காலை எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன், ஊருக்குப் போயிருந்தார். நானே ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் தண்டின் மேல் முனையில் இருந்த கிண்ண மூடியைத் திருகிப் பார்த்தேன். சத்தம் போகவில்லை, தூசிதான் கண்ணில் விழுந்தது.

மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். பெட்டியை மர அறையிலிருந்து வெளியே இழுத்து, கடைக்காரர் செய்த மாதிரி பக்கவாட்டு மூடியைக் கழற்றியிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வந்ததும் ஹலோ சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"பாப்பா, இன்னைக்குக் கொஞ்சம் சத்தமா இருக்கும். ஃபேன் போடலன்னா கம்ப்யூட்டர் சூடாகி அணைஞ்சிடுது, அதான் இத்தன நாளும் பிரச்சனை. உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு, நான் வேற ஏதாவது பண்றேன்."

வெளியே வெல்டிங் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம் எழுந்து அடங்கியது.

"அந்த ஃபேனா?" என்றாள்.

"ஆமா. உன் ரூம் ஃபேன்தான்."

"ம். இருக்கட்டும். ஏறலாம் வா."

ஏறினோம். ஒரு கண் திரையில், ஒரு கண் சுவர்க் கடிகாரத்தில். மூன்று நாற்பது ஆனது. பெட்டி ஓடியது. மூன்று ஐம்பது. அவள் அந்தச் செங்குத்துப் பாறையில் பாதிக்கு மேல் போயிருந்தாள். நான் கீழே கயிற்றைப் பிடித்திருந்தேன், பொத்தானில் விரலை அமுக்கியபடி. தப்பித்துவிட்டேன் என்று நினைத்து மூச்சு விட்டேன். அப்போது அவள் பேசினாள். குரலில் கோபமில்லை, கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்கிற அதே குரல்.

"அன்னைக்கே அந்த ஃபேனான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். நீ டக்குனு ஆஃப் பண்ணிட்ட."

"உனக்குத் தொந்தரவுன்னு நெனச்சேன்மா."

"நீயும் அம்மாவும் ஹால்ல சண்டை போடுவீங்கல்ல, அப்ப இந்த டக் டக்கத்தான் எண்ணுவேன். நூறு வந்தா ஒரு விரல மடக்கிக்குவேன். பத்து விரலும் முடிஞ்சா திருப்பியும் மொதல்லருந்து. ஒரு தடவ அறுபது நூறு வந்துச்சு."

நாங்கள் சண்டை போட்டது எல்லாம் பெரும்பாலும் இதற்காகத்தான், நான் பாதியில் எழுந்து போவதற்காக. 'மெதுவாப் பேசு, குழந்தை தூங்குது' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டேதான் கத்தினோம். அவள் தூங்குகிறாள் என்று நான் நிஜமாகவே நம்பினேன். ஒருநாளாவது கதவைத் திறந்து பார்த்தேனா என்றால், இல்லை.

"பாப்பா" என்றேன். ஹெட்செட்டில் அவள் பக்கத்துச் சத்தம் முழுக்க நின்றுபோனது. அவள் மைக்கை அணைத்துவிட்டாள். திரையில் அவளுடைய சிவப்புச் சட்டைப் பொம்மை பாறையின் நடுவில், கயிற்றில் தொங்கியபடி, அசையாமல் நின்றது.

இந்த முறை என் கம்ப்யூட்டர் அணையவில்லை. திறந்து கிடந்த பெட்டிக்குள் விசிறிகள் சீராகச் சுற்றின. நான் விரலை எடுத்தால் அவள் பொம்மை கீழே விழும். எடுக்கவில்லை. போன் ஹாலில் இருந்தது, எழுந்துபோய் அவளை அழைக்கவும் முடியாது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், மேலே கேட்ட சத்தத்தை எண்ண ஆரம்பித்தேன். நூறு வந்ததும் இடது கையில் ஒரு விரலை மடக்கினேன். இருநூறில் வலது கை விரல் மரத்துப்போனது. முந்நூறு தாண்டியதும் கண் மங்கி, எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று பயம் வந்தது. எட்டு வயதுப் பிள்ளை இருட்டில் படுத்துக்கொண்டு தப்பாமல் எண்ணியிருக்கிறாள்.

மைக் உயிர்பெற்றது. மூக்கு அடைத்த குரல்.

"நெட் போயிடுச்சுப்பா."

நெட் போனால் அந்தச் சிவப்புச் சட்டை காணாமல் போயிருக்கும். என் திரையிலும் அந்த வரி வந்திருக்கும். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நாலு வாரமாக நான் சொன்ன நிஜத்தை அவள் நம்பாததும் என் நினைவுக்கு வராமல் இல்லை.

"சரிம்மா, போயிருக்கும்" என்றேன்.

பொம்மை அசைந்தது. தான் விழாமல் அதே இடத்தில் தொங்குவதை அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது.

"நீ இன்னும் பிடிச்சிட்டா இருக்க?"

"ஆமா."

"ம்" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அடுத்த கல்லில் கையை வைத்து ஏற ஆரம்பித்தாள். ட்யூஷனைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் இடது கையில் நாலு விரல் மடங்கியிருந்தது, அதற்கு மேல் பன்னிரண்டு டக். அறுபது விரல் மடங்கிய அந்த இரவில் நான் எதற்காகக் கத்தினேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.